எள்ளுத்தாத்தாவைத் தொலைப்பது எப்படி?

பூர்வீகம் தேடும் ஆசை உங்களுக்கும் வந்துவிட்டதா? வாழ்த்துகள். கோலாலம்பூரின் செராஸ் பக்கம் இப்போது தெருவுக்கு ஒருவர் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார். பென்ஷன் வாங்கியவர்கள் பாதி, பிள்ளையின் பள்ளி புராஜெக்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் மீதி. எல்லோரும் திணறுகிறார்கள். காரணம், தேடிக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். அந்தச் சிரமமே வேண்டாம். கீழே சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முறைப்படி செய்து முடித்தால், பாட்டனுக்கு மேலே நிஜ மனிதர் ஒருவர்கூட மிஞ்சாத வம்ச விருட்சம் கைக்கு வரும்.

1. முடிவை முதலில் எழுதிவிடுங்கள்

உச்சியிலிருந்து தொடங்குங்கள். அங்கே ஒரு ஜமீன்தாரை உட்கார வையுங்கள். ஜமீன் போதாது என்று தோன்றினால் சோழப் படைத்தலைவன். ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்துக்குப் படை அனுப்பினான் அல்லவா? அதில் உங்கள் ஆள் ஒருவர் துடுப்புப் போட்டிருப்பார். இல்லை என்று எவன் நிரூபிப்பான்? அவருக்கும், ரப்பர் தோட்டத்தில் மங்கு துடைத்த உங்கள் தாத்தாவுக்கும் நடுவே தொள்ளாயிரம் வருடம் கிடக்கும். புள்ளிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். புள்ளிக்கோட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அமெரிக்கர்களைப் பார்த்துப் பாதி மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மேஃப்ளவர் கப்பலில் 1620-இல் போய் இறங்கியவர்கள் 102 பேர்தான். அதிலும் சுமார் பாதிப் பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. இருந்தும் அந்தக் கப்பலில் ஒரு தாத்தாவை ஏற்றிவிட அங்கே இன்றும் தள்ளுமுள்ளு. இந்த ஆர்வம் நமக்கு வேண்டும். வேண்டாதது அவர்களுடைய மேஃப்ளவர் வம்சாவளிச் சங்கத்தின் கெடுபிடி: ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்று கேட்பார்கள், தேவாலயப் பதிவேட்டையும் ஊர் மன்றப் பதிவேட்டையும் புரட்டச் சொல்வார்கள். நம்மைக் கேட்க அப்படி ஒரு சங்கம் இல்லை. அனுபவியுங்கள்.

2. கப்பலை நீங்களே தேர்ந்தெடுங்கள்

நம்முடைய மேஃப்ளவர் ரஜூலா. "எங்கள் தாத்தா 1905-இல் ரஜூலா கப்பலில் வந்தார்" என்று எழுதுங்கள். அந்தக் கப்பலைக் கட்டியதே 1926-இல்தான் என்று எவராவது இழுத்தால், அது இரண்டாவது ரஜூலா என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

சொந்த ஊர் என்ற கட்டத்தில் "நாகப்பட்டினம்" என்று நிரப்புங்கள். கப்பல் ஏறிய துறைமுகம் அது. ஏறியவர்கள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், தென்னார்க்காடு என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள் என்ற விவரத்துக்குள் போகாதீர்கள். போனால் கங்காணி குறுக்கே வருவார். கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போய், தன் சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் திரட்டி வந்தவர். கிராம முன்சீப்பின் ஒப்புதல் வேறு வாங்க வேண்டியிருந்தது. ஆகையால் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள் பலரும் ஒரே ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். அடுத்த வீட்டுக் குடும்பத்தின் ஊரைக் கேட்டால் உங்கள் ஊரும் தெரிந்து தொலைக்கும். எனவே அடுத்த வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். அவர் இப்போது பூச்சோங்கிலோ கிள்ளானிலோ பிளாட்டில் இருக்கிறார். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்து அனுப்பினால் போதும்.

மற்ற தேசங்களைப் பார்த்துப் பொறாமையும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 இந்தியர்களுக்கும் ஆளுக்கொரு எண் போட்டு, தகப்பன் பெயர், ஊர், தாலுகா, மச்சம் வரைக்கும் எழுதி வைத்தார்கள். அங்கே பேரன் எண்ணைச் சொன்னால் தாத்தா வந்து நிற்பார். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்து கங்காணி முறையே ஓங்கி நின்றது. அதையும் 1938-இல் இந்திய அரசு தடை செய்தது. நேட்டால் அளவுக்குப் பட்டியல் நம்மிடம் இல்லை. எழுதியது கொஞ்சம் என்பதால், சொன்னது நிறைய. சொல்பவர்கள் வயதானவர்கள். பொறுமையாக இருங்கள், காலம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

3. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்

கத்தோலிக்கக் கோயில் பதிவேட்டில் லத்தீனில் "பவுலுஸ்". தோட்டத்துச் சம்பளப் பேரேடான செக்ரோலில் கிராணி எழுதியது "சின்னாபென்". ஐ.சி. அடையாள அட்டையில் "சினப்பன்". கல்லறையில் "பால்". நான்கும் ஒரே சின்னப்பன் என்று நினைக்கும் சபலம் வரும். இடம் கொடுக்காதீர்கள். நான்கு பேராக எழுதி, ஆளுக்கொரு மனைவியைக் கட்டி வையுங்கள். ராயப்பன், பீட்டர், அருளப்பன், ஜான், சூசை, ஜோசப், சவரி, சேவியர் என்று ஜோடி ஜோடியாக வரும்போதெல்லாம் இதே முறை. பாரிஸ் மிஷன் சாமியார் பிரெஞ்சுக் காதில் விழுந்ததை எழுதினார், ஸ்காட்லாந்துத் துரையின் கிராணி இன்னொரு விதமாக எழுதினார், ரெஜிஸ்திரேஷன் ஆபீசர் மூன்றாவது விதமாக எழுதினார் என்பதெல்லாம் சாக்குப்போக்கு. பெயர் என்றால் பெயர்.

ஒருவரை நால்வராக்கியதற்குப் பரிகாரமாக, சிலாங்கூரில் அகப்படும் எல்லா முனியாண்டிகளையும் ஒருவராக்கிவிடுங்கள்.

ஐ.சி.யில் மகன், மகள் என்பதற்கான ஏ/எல், ஏ/பி என்ற எழுத்துக்குப் பின்னால் தகப்பன் பெயர் நிற்கும். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதைக் குடும்பப் பெயர் என்றே வைத்துக்கொண்டு இணையத்தில் தேடுங்கள். உங்கள் தாத்தா பெயர் கோவிந்தசாமி என்றால், உலகத்துக் கோவிந்தசாமிகள் அத்தனை பேரும் பங்காளிகள்.

4. கோயில் ஆபீசுக்குப் போகும் முறை

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு போங்கள். ஞானஸ்நான வகுப்பு, கல்யாண ஓலை, பூசைக் காணிக்கை என்று ஆபீசில் கூட்டம் நெரியும் நேரம். கவுன்டரில் சாய்ந்துகொண்டு, "ஆசீர்வாதம்னு ஒருத்தர், ரொம்ப காலத்துக்கு முந்தி, கொஞ்சம் பாருங்க சிஸ்டர்" என்று சொல்லுங்கள். வருடம் கேட்பார்கள். "ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்ன." மாதம்? "மழைக்காலம்." அவர் முகம் மாறுவதைக் கவனிக்காதீர்கள்.

எந்தச் சபை என்றும் விசாரித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கிறிஸ்தவர், அவ்வளவுதான். புடுவில் அந்தோணியார் கோயில், பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லுத்தரன், தமிழ் மெதடிஸ்ட், இந்தப் பக்கம் ஜாலான் பீல் திரு இருதயக் கோயில், எது கண்ணில் படுகிறதோ அதில் நுழையுங்கள். லுத்தரன் என்றால் தடம் தரங்கம்பாடிக்குப் போகும். 1706-இல் சீகன்பால்க் இறங்கிய இடம், அந்த மிஷன் வழியாக வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் உருவானது. மெதடிஸ்ட் என்றால், 1885-இல் சிங்கப்பூரில் இறங்கிய அமெரிக்க மிஷனோடு போய் முடியும். அதைத் தொடங்கிய ஓல்ட்ஹம் பெங்களூரில் பிறந்தவர். கத்தோலிக்கர் என்றால் பாரிஸ் மிஷன் சாமியார்களைத் தொட்டுக்கொண்டு பாண்டிச்சேரி வரைக்கும் போகலாம். பாருங்கள், சபையின் பெயரைத் தெரிந்துகொண்ட உடனேயே எத்தனை வேலை வந்து விழுகிறது! தெரியாமலிருப்பதே நலம்.

தோட்டத்துச் சின்னக் கோயிலில் நடந்த ஞானஸ்நானமானாலும் பெரும்பாலும் டவுன் பங்குக் கோயிலின் புத்தகத்தில்தான் ஏறியிருக்கும். நீங்கள் தோட்டத்துக்கே போய், அந்தக் கோயில் இடிந்து காண்டோமினியமாகி நிற்பதைப் பார்த்து, "எல்லாம் போச்சு" என்று ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டு வாருங்கள். நல்ல லைக் கிடைக்கும்.

5. புத்தகம் கைக்கு வந்துவிட்டால்

சில நேரம் வந்தும் விடும். நீளமான, மக்கிய புத்தகம். தைத்த முதுகில் துணி பிரிந்திருக்கும். பக்கத்தைத் திருப்பினால் மை பழுப்பாகி, வரிக்கு வரி லத்தீன், நடுவில் ஒரு தோட்டத்தின் பெயர், ஓரத்தில் வேறு கையெழுத்தில் பொடியாக ஏதோ கிறுக்கல். பதறாதீர்கள். உங்கள் தாத்தாவின் பெயர் உள்ள வரியை மட்டும், நிழல் விழ, போனில் ஒரு படம் எடுங்கள். மூடுங்கள். வெளியே வாருங்கள்.

ஓரத்தில் இருக்கும் கிறுக்கலை எடுக்கவே கூடாது. ரோமாபுரி 1907-இல் போட்டு, 1908-இல் அமலுக்கு வந்த சட்டம் ஒன்று உண்டு: கத்தோலிக்கர் எங்கே கல்யாணம் செய்துகொண்டாலும், அந்தச் செய்தியை ஞானஸ்நானம் வாங்கிய பங்குக்கு எழுதியனுப்பி, அந்தப் பழைய வரியின் ஓரத்திலேயே குறிக்க வேண்டும். ஆகையால் கிள்ளானில் ஞானஸ்நானம் வாங்கிய பையன் ஈப்போவில் யாரைக் கட்டினான் என்பது கிள்ளான் புத்தகத்தின் ஓரத்தில் கிடக்கும். அந்த ஒரு கிறுக்கலைப் படித்தீர்கள் என்றால் அடுத்த ஊர், அடுத்த புத்தகம், அடுத்த தலைமுறை என்று இழுத்துக்கொண்டே போகும். உங்களுக்கு வேறு வேலை இல்லையா?

ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களும் அப்படித்தான். அந்நியரை யாரும் அந்த இடத்தில் நிறுத்துவதில்லை. சித்தப்பா, அத்தை, இல்லாவிட்டால் ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர். குடும்பத்தில் யாரும் சொல்லாத ஓர் அத்தையை அந்தக் கட்டம் காட்டிக் கொடுத்துவிடும். கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படம் எடுங்கள்.

இதைவிட மோசமானது கல்யாணப் புத்தகம். நம்மவர்கள் மாமன் மகளையும் அத்தை மகனையும், சில குடும்பங்களில் தாய்மாமனையே, கட்டுவார்கள். கத்தோலிக்கக் கோயில் சட்டத்தில் அது தடை. மேற்றிராணியாரிடம் விதிவிலக்கு வாங்கி, எத்தனையாம் தலைமுறை உறவு என்பதையும் குறித்து, பிறகுதான் தாலி. "விதிவிலக்கு" என்ற அந்தச் சின்னக் குறிப்பு ஒன்று போதும். மாப்பிள்ளையின் பாட்டியும் பெண்ணின் பாட்டியும் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே இரண்டு பாட்டிகளுக்கும் தனித்தனிக் கட்டம் வரைந்து, கட்டத்துக்குப் பூ பார்டரும் போட்டாயிற்று. எதற்கு வம்பு?

6. அமெரிக்க முன்னோர் வேண்டுமானால்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வழியாக வந்த யாழ்ப்பாணக் குடும்பமா நீங்கள்? யோகக்காரர். பழைய சான்றிதழில் கொள்ளுத்தாத்தா பெயர் நெவின்ஸ் என்றோ ஆர்னால்ட் என்றோ இருக்கும். உடனே நியூ இங்கிலாந்துக்கு டிக்கெட் போடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு 1816-இல் அமெரிக்க மிஷன் வந்ததையும், 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியதையும், ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பும் அமெரிக்கப் புண்ணியவானின் பெயரை அந்தப் பிள்ளைக்கே சூட்டியதையும் யாராவது ஞாபகப்படுத்தினால், காதில் வாங்காதீர்கள். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னால்ட் யார்? சதாசிவம்பிள்ளை. நெவின்ஸ் யார்? சிதம்பரப்பிள்ளை. பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் பெயர் பிரான்சிஸ் கிங்ஸ்பரி. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே பாஸ்டனிலிருந்து யாரும் கப்பலில் வந்து இறங்கவில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தில் இறங்கியிருக்கலாம் அல்லவா? தாடை அமைப்பைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் கைகொடுக்காவிட்டால் சென்னை இருக்கிறது. கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம், 1680 அக்டோபரில் அபிஷேகம் ஆனது. அடுத்த மாதமே அதன் திருமணப் பதிவேட்டில் ஏறிய முதல் மாப்பிள்ளை எலிஹு யேல், மாசசூசெட்ஸின் பாஸ்டனில் 1649-இல் பிறந்தவர். பெண், கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவை. யேல் பிறகு கோட்டைக்குக் கவர்னரானார். 1718-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். காலனி காலத்து அமெரிக்கர், தேவாலயப் பதிவேடு, தமிழ் மண், மூன்றும் ஒரே பக்கத்தில். அவருடைய சின்ன மகன் சென்னையிலேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டான் என்பது உங்கள் புள்ளிக்கோட்டுக்கு ஒரு தடையே இல்லை.

7. தேதிகளை வசதிப்படி

வீட்டுப் பழைய நோட்டில் "சுபானு வருஷம் ஆவணி" என்று இருக்கிறதா? அறுபது வருடத்துக்கு ஒருமுறை சுபானு வரும்: 1883, 1943, 2003. எது உங்கள் மரத்துக்கு அழகோ அதை எடுங்கள். பழமை வேண்டுமென்றால் 1883. தாத்தா தன் அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவராகிவிட்டால், அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான் என்று ஒரு குறிப்பு.

ஜப்பான் காலத்துக் காகிதத்தில் 2603 என்று போட்டிருக்கும். அது அவர்கள் கணக்கில் 1943. நீங்கள் அப்படியே 2603 என்று ஏற்றுங்கள். உங்கள் பெரியப்பா இன்னும் பிறக்கவில்லை. ஜாதகம் பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி: ஜப்பான் ஆண்ட அந்த மூன்றரை வருடம் மலாயாவின் கடிகாரம் டோக்கியோ நேரத்தில் ஓடியது, ஒன்றரை மணி நேரம் முன்னால். லக்னமே மாறிப்போயிருக்கும். இத்தனை காலம் குடும்பத்தில் எதற்கெடுத்தாலும் சனியைத் திட்டிக்கொண்டிருந்தீர்களே, இப்போது ஹிரோஹிட்டோவைத் திட்டலாம்.

8. இந்துக் குடும்பத்தார் மனம் தளர வேண்டாம்

எங்களுக்குத்தான் ஞானஸ்நானப் புத்தகம் இல்லையே, எதைத் தொலைப்பது என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. மொய் நோட்டு. அப்பாவின் கல்யாணத்துக்கு யார் யார், எந்தத் தோட்டத்திலிருந்து, எத்தனை வெள்ளி, தாய்மாமன் என்ன செய்தார், இன்னார் மகன் இன்னார் என்று வரிசையாக எழுதிய நீள நோட்டு. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் விலாசத்தோடு, கடனோடு, கணக்கெடுப்பு. அலமாரியின் மேல்தட்டில், 1970களின் கல்யாணப் பத்திரிகைகளோடும் கோயில் திருவிழா உபயக்காரர் நோட்டீஸோடும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். சனிக்கிழமை காலையில் "சூராட் காபார் லாமா", பழைய பேப்பர் என்று ஒலிபெருக்கியோடு லாரி வரும் பாருங்கள், எடைக்குப் போடுங்கள். வருகிற காசில் மாமாக் கடையில் ஒரு தே தாரேக் குடிக்கலாம்.

ஆபத்து வீட்டுக்கு வெளியேயும் உண்டு: தேசிய ஆவணக் காப்பகம் 1957-இலிருந்து இருக்கிறது. சிலாங்கூர் செயலகத்தின் பழைய கோப்புகள் அங்கே உள்ளன. தோட்டம், ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, கூலித் தகராறு என்று அரசாங்கம் தொட்டதெல்லாம் அவற்றில் கிடக்கும். செராஸிலிருந்து போக டிராபிக் அதிகம். புதன்கிழமை தாமான் கோனாட் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பார்க்கிங் தேடி வட்டமடிக்கும் அதே நீங்கள், இதற்கு மட்டும் ஜாம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

9. கல்லறை

செராஸ் கிறிஸ்தவக் கல்லறைக்குக் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று மட்டும் போங்கள். கூட்டம், மெழுகுவத்திப் புகை, மந்திரித்த தண்ணீர் தெளிக்க வரிசை, யாரும் எதையும் படிக்க முடியாது. மற்ற நாளில் போனால் ஆபத்து. முட்டை வடிவப் பீங்கான் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு பெயர், அதற்கும் கீழே தமிழில் வேறு ஒரு பெயர், பிறந்த ஊர், "அன்னாரின் பிரிவால் வாடும்" என்று பட்டியலாகப் பிள்ளைகள். பக்கத்துக் கல்லையும் படித்தீர்கள் என்றால் அது அவருடைய தங்கையாக இருக்கும்.

எழுத்து மங்கியிருந்தால் கம்பித் தூரிகையும் ஆசிட்டும் கொண்டு தேயுங்கள். கல் பளிச்சென்று ஆகிவிடும். எழுத்து இருக்காது.

10. சயாமுக்குப் போனவர்

தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்களுக்குக் கல் இல்லை, சான்றிதழ் இல்லை, எந்தக் கோயில் புத்தகத்திலும் அடக்கம் செய்த வரி இல்லை. தேதி தெரியாத கட்டத்தை உங்கள் மென்பொருள் சிவப்பில் காட்டும். பார்க்க நன்றாக இருக்காது. அவரை எடுத்துவிடுங்கள். பாட்டி மட்டும் ஆடி அமாவாசைக்கு யாருக்கு இலை போடுகிறாள் என்று கேட்காதீர்கள்.

11. பெண்கள்

வேண்டாம். இடம் போதாது.

நிர்ப்பந்தம் என்றால் "மனைவி" என்று ஒரு வார்த்தை. ஞானஸ்நான வரியில் தாயின் பெயரும் அவள் தகப்பன் பெயரும் எழுதியிருந்தாலும் சரி, பால் வெட்டுச் செக்ரோலில் அவள் கையால் சம்பாதித்த பேர் தனியாகவே இருந்தாலும் சரி.

12. வெளியீட்டு விழா

செராஸில் ஒரு ஹோட்டல் மண்டபம் பிடியுங்கள். பேனரில் ஜமீன்தார், பக்கத்தில் யேல் துரை, நடுவே தங்க எழுத்தில் குலப் பெருமை. கங்காணியிடம் முன்பணம் வாங்கி வந்த தாத்தாவைத் "தோட்ட அதிபர்" என்று அறிவியுங்கள். படத்தில் அவர் வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறார், பொருந்தும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லாக் குடும்பத்திலும் தொண்ணூறை நெருங்கும் ஒரு அத்தை இருப்பார். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் யாருக்கு ஞானத்தாய், கங்காணி எந்த ஊர், சயாமுக்குப் போனவர் பெயர் என்ன, அத்தனையும் அவருக்குத் தெரியும். காது மட்டும் கொஞ்சம் மந்தம். அவரை ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையில் உட்கார வையுங்கள். தட்டை நிரப்பிக் கொடுங்கள். பேனரைப் பார்த்து, "இது யாருடா, எங்க அப்பா படத்துக்குக் கீழ வேற பேரு போட்டிருக்கு?" என்று அவர் வாயைத் திறந்தால், கேக் வெட்டும் நேரம் வந்துவிட்டது என்று மைக்கில் அறிவித்துவிடுங்கள்.